சேற்றுமூஞ்சிக்கு இடமில்லை

என் அக்கா காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் டிவியைப் போடுவாள். செய்தி பார்க்க அல்ல. ஒரு ஜந்துவின் மேல் சேறு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க. சேறு இருந்தால் அவள் மகன் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். இல்லாவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்க முடியாது.

முழுசாகச் சொல்லாவிட்டால் எங்கள் குடும்பத்துக்கு மறை கழன்றுவிட்டது என்றுதான் நினைப்பீர்கள். அது பாதி உண்மை. மீதியைச் சொல்கிறேன்.

'அடவி' என்று ஒரு வீடியோ கேம். காட்டில் சுற்றித் திரிந்து விதவிதமான பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு விட வேண்டும். சில வருடங்களுக்கு ஒருமுறை புதிய அடவி வரும். அதைத் 'தலைமுறை' என்பார்கள். அப்போது ஐந்தாம் தலைமுறை ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தயாரிக்கும் கம்பெனியில் நான் சோதனையாளர். கேள்விப்படுகிற பிள்ளைகள் எல்லாம் பொறாமைப்படும் வேலை. உண்மையில் அது ஒரே கதவில் நாள் முழுக்க முட்டிப் பார்க்கும் வேலை. கதவு திறக்கிறதா, திறக்கும்போது கேம் நின்றுபோகிறதா, மரத்தில் ஏறினால் பிராணியின் கால் மரத்துக்குள் புகுந்துவிடுகிறதா. "இதுக்கா படிச்சே?" என்று அத்தான் கேட்பார். அக்காவின் வீட்டுக்காரரிடம் வாயைக் கொடுத்து ஜெயித்தவர்கள் யாரும் இல்லை.

அவரிடம் ஜெயிக்கப் பார்த்தவன் ஒருவன்தான். அவருடைய மகன். பிறந்ததிலிருந்தே ஒரு இடத்தில் உட்காராத பயல் என்பதால் வீட்டில் அவனுக்கு வாலு என்று பெயர். ஐந்தாம் தலைமுறை வந்த அன்றே அதை வாங்கி, முதல் வேலையாக ஒரு சேற்றுமூஞ்சியைப் பிடித்தான். சேற்றுமூஞ்சி என்பது குட்டைக் கால்களும் உருண்டை வயிறும் தூக்கம் கலையாத முகமுமாக இருக்கும் ஒரு பிராணி. சண்டைக்கு லாயக்கில்லை. எதிரி தும்மினாலே கவிழ்ந்துவிடும். அதற்குத் தொப்பை என்று பெயர் வைத்தான், அப்பாவை மனதில் வைத்துக்கொண்டு. அத்தானுக்கு இன்றுவரை அது தெரியாது.

அப்புறம் அவன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றான். அத்தான் குதியாய்க் குதித்தார். "இனிமே என் மூஞ்சில முழிக்காதே" என்றார். இப்படிச் சொல்லும் அப்பாக்கள் எல்லாருமே, மறுநாள் காலையில் பிள்ளை அங்கேயேதான் நிற்பான் என்ற தைரியத்தில் சொல்கிறவர்கள். இவன் நிற்கவில்லை. கையடக்கக் கன்சோலையும் நாலு துணியையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். யார் பக்கம் பேசுவது என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் லிஃப்ட் கீழே போய்விட்டது.

போன் நம்பரை மாற்றிவிட்டான். அவனுடைய சிநேகிதர்கள் கையை விரித்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில், "மேஜரான பையன், தானா போயிருக்கான், தானா வருவான்" என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார்கள். அக்கா பேப்பரைத் திறந்தால் 'அடையாளம் தெரியாத உடல்' என்று இருக்கிற இடத்தைத் தவிர வேறெதையும் படிப்பதில்லை என்று ஆனது. உயரம் எவ்வளவு, சட்டை என்ன நிறம், வலது கையில் மச்சம் உண்டா. படித்துவிட்டு, இல்லை என்று பெருமூச்சு விடுவாள்.  எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் இரண்டு பேருக்குமே அவன் செத்திருப்பானோ என்ற பயம்தான். அந்த வார்த்தையை மட்டும் நாங்கள் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்படியிருக்கையில் ஒரு நாள் அக்கா வீட்டில், அவன் டிவியோடு விட்டுப்போன பழைய கன்சோலைச் சும்மா போட்டேன். அடவியில் 'கொட்டில்' என்று ஒன்று உண்டு. பிராணிகளை அதில் கட்டிவைத்துவிட்டால், அதே கணக்கில் இருக்கும் எந்தக் கன்சோலிலிருந்தும் அவிழ்த்துக்கொண்டு போகலாம். வாலு தன் மற்ற பிராணிகளையெல்லாம் தன்னோடு எடுத்துக்கொண்டு போயிருந்தான். கொட்டிலில் தொப்பை மட்டும் நின்றது. கழுத்துவரை சேறு. ஈரச் சேறு.

ஐந்தாம் தலைமுறையில் பிராணியைக் காட்டில் நடக்கவிட்டால் சேறு ஒட்டும். நாம்தான் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும். ஒரு நாள் விட்டால் சேறு காய்ந்து சாம்பல் நிறமாகிவிடும். அந்த நிறம் சரியாக மாறுகிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போட்டதே நான்தான். அப்படியானால் முந்தின நாள் யாரோ தொப்பையைக் காட்டில் நடத்திக் கூட்டிப்போயிருக்கிறார்கள். நான் கத்திய கத்தலில் அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள்.

அவளுக்கு டிவி ரிமோட்டே தகராறு. ஆனாலும் குளிப்பாட்டுவதை மட்டும் கற்றுக்கொண்டாள். கன்ட்ரோலரை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்தப் பொம்மையைத் தேய் தேய் என்று தேய்த்தாள். "காதுக்குப் பின்னால நிக்குது பாரு, அப்பவே சோம்பேறி" என்று திட்டினாள். திட்டும்போதே அழுதாள். கழுவித் துடைத்துக் கொட்டிலில் கட்டினோம். மறுநாள் காலையில் பார்த்தால் மறுபடி கழுத்துவரை சேறு.

அன்றிலிருந்து இதுதான் நடந்தது. அவன் அழுக்காக்குவான், இவள் கழுவுவாள். அத்தான் டிவி பக்கமே வரமாட்டார். குளியலறைக்குள் இருந்துகொண்டு, "டிவி ஓடுதா?" என்று கேட்பார். "ஓடுது" என்று அக்கா சொன்ன பிறகுதான் உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்.

ஒரு வார்த்தை எழுதிக் கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அத்தானுக்கும் தோன்றியது. கேமில் அதே கணக்கில் இருப்பவர்களுக்குச் சின்னச் செய்தி அனுப்பும் வசதி இருந்தது. எங்களிடம் சொல்லாமல், "ஒழுங்கா வீடு வந்து சேர், இல்லேன்னா போலீஸ்தான்" என்று அனுப்பிவிட்டார். அவருக்குத் தெரிந்த பாசம் அவ்வளவுதான். மறுநாள் சேறு இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தொப்பை பளபளவென்று நின்றது. அக்கா சாப்பாட்டைத் தொடவில்லை. பேப்பரில் மச்சம் தேடும் வேலை மறுபடி ஆரம்பித்தது. இனி நம்பிக்கையில்லை என்று நானே நினைத்துவிட்ட பிறகு ஒரு காலையில் தொப்பையின் காலில் மட்டும் கொஞ்சம் சேறு தெரிந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே யாரும் அவன்கிட்ட ஒண்ணும் பேசக் கூடாது. தெருப்பூனை மாதிரிடி. கூப்பிட்டா ஓடிடும்."

பேசவில்லை. சேறு மெல்ல மெல்லக் கழுத்துவரை ஏறியது.

இந்த நிலைமையில்தான் எங்கள் கம்பெனி ஆறாம் தலைமுறையைக் கையில் எடுத்தது. வடிவமைப்புக்குப் புதிதாக ஒருவர் தலைவராக வந்தார். என்னைவிடச் சின்னவர். எல்லாரையும் செங்கல் சுமக்க வைப்பதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் மேஸ்திரி. கெட்டவர் இல்லை. பழையதை இடித்தால்தான் புதியது எழும்பும் என்று நம்புகிற ஜாதி. பெரிய திரையில் கோடுகோடாகப் படம் போட்டுக்கொண்டு பேசினார்.

"ஒவ்வொரு தலைமுறையிலயும் சேர்த்துச் சேர்த்து மூட்டை கனமாயிடுச்சு. இந்தத் தடவை பாதிப் பிராணிங்கதான் வரும். மீதி லீவு."

எங்கள் ஆபீஸில் ஒரு பிராணியை நீக்கிவிட்டோம் என்று யாரும் சொல்லக் கூடாது. லீவில் போயிருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த லீவிலிருந்து திரும்பி வந்த பிராணியை நான் பார்த்ததில்லை.

"அப்புறம் இந்தக் குளிப்பாட்டற சமாச்சாரம். புதுப் பசங்க அந்த இடம் வந்தாலே தாவிட்டுப் போயிடறாங்க. எடுத்துடலாம். இனிமே பிராணிமேல அழுக்கே ஒட்டாது. பழைய கொட்டிலையும் மூடிட்டு, புதுசா ஒண்ணு திறக்கறோம்."

 கை தூக்கினேன்.

"சேற்றுமூஞ்சி வருதா சார்?"

"யாரு அது?" என்றார் மேஸ்திரி. எல்லாரும் சிரித்தார்கள். அவர் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் படத்தைக் காட்டியதும், "ஓ, இதா? லீவு" என்றார்.

என் வீட்டுக் கதையைச் சொல்லியிருக்கலாம். பத்து பேர் நடுவில், என் அக்கா மகன் உயிரோடு இருப்பதற்கு இந்த அழுக்குத்தான் சாட்சி என்று எப்படிச் சொல்வது? அன்று சாயங்காலம் தனியாக அவர் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் முகம் வாடியது. உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் வருத்தப்பட்டு என்ன பிரயோஜனம்? சேறு ஒட்டும் தோலையே புதிய கேமில் வரையவில்லை. ஒட்டுவதற்கு இடமில்லாத சேற்றை எங்கே ஒட்டுவது?

அக்காவிடம் சொல்ல நாளைக் கடத்தினேன். ஊரெல்லாம் விளம்பரம் வந்த பிறகு வேறு வழியில்லை. சொன்னேன். அவள் துடைப்பத்தை அப்படியே கீழே போட்டாள்.

"நீ அங்கதானடி வேலை பாக்கறே? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நான் கதவை முட்டிப் பாக்கறவ அக்கா. கதவை வைக்கறவ இல்ல."

"அப்ப மூடிட்டா அவன் இருக்கானா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

 கொட்டில் மூடும் நாள் நெருங்க நெருங்க அவளுக்கு ராத்திரித் தூக்கம் போயிற்று. அவனுக்கும் செய்தி தெரிந்திருக்க வேண்டும். தொப்பையின் மேல் முன்னெப்போதும் இல்லாத சேறு, கண் மட்டும் தெரிகிற மாதிரி. அக்கா அதைக் கழுவ அரை மணி எடுத்துக்கொண்டாள். கழுவி முடித்தும் கையை எடுக்கமாட்டாள்.

"புதுக் கொட்டில்ல கொண்டுபோய் விட்டா என்ன? அழுக்கு ஒட்டலைன்னா போகட்டும். அவன் அவுத்தானா கட்டினானான்னாவது தெரியும்ல?"

"அது உள்ளயே போகாது அக்கா."

"கேட்டுப் பாத்தியா?"

"கேட்டுப் பாக்க அது என்ன ஸ்கூல் அட்மிஷனா?"

அவள் என்னை முறைத்துப் பார்த்தாள். நான் எகத்தாளமாகப் பேசினால் உள்ளே உதறல் எடுக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கொட்டில் மூட இரண்டே நாள்தான் இருந்தது. மறுநாள் மத்தியானம் லீவு போட்டுவிட்டு, ஆறாம் தலைமுறையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பழைய கொட்டிலிலிருந்து புதுக் கொட்டிலுக்குப் போகும் வாசலில் தொப்பையை நிறுத்துவேன், இதற்கு இடமில்லை என்று திரையில் வரும், அவள் கண்ணால் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்வாள், நான் பின்வாங்கிவிடுவேன். திட்டம் அவ்வளவுதான்.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடந்த சில மாதங்களாக நான் பார்த்தது இந்த வாசல் வேலையேதான். பழைய பிராணியை வாசலில் நிறுத்து, எச்சரிக்கை வருகிறதா பார், சரி என்று அமுக்கு, அடுத்தது வருகிறதா பார், சரி என்று அமுக்கு, கடைசிக் கேள்விக்கும் சரி என்று அமுக்கு. கட், கட், கட். போன பிராணிகள் எல்லாம் ஒரே பொத்தானில் திரும்பி வந்துவிடும். சோதனைக் கன்சோலில் எதுவும் சாகாது. அதனால் எங்கள் யாருக்கும் எச்சரிக்கையைப் படிக்கும் பழக்கமே கிடையாது. கட்டைவிரல் தானாக அமுக்கும். வங்கி இயந்திரத்தில் கூட நான் மூன்று முறை அமுக்கிவிட்டுத்தான் என்ன கேட்டது என்று பார்ப்பேன்.

தொப்பையை வாசலில் நிறுத்தினேன். கழுவிய உடம்போடு தூக்கக் கலக்கத்தில் நின்றது. அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் முழங்காலைப் பிடித்திருந்தாள்.

"இந்தப் பிராணிக்குப் புதிய அடவியில் இடமில்லை" என்று திரை சொன்னது.

"பாத்தியா?" என்றேன்.

அவளைப் பார்த்துத்தான் சொன்னேன். திரையைப் பார்க்கவில்லை. கட், கட், கட் என்று சத்தம் கேட்டது. அது என் கையிலிருந்துதான் வருகிறது என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆயிற்று.

தொப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு குட்டைக் கால்களால் தத்தித் தத்திப் புதருக்குள் போயிற்று. இலைகள் கொஞ்சம் ஆடி நின்றன.

"எங்க போகுது அது?" என்றாள் அக்கா.

கடைசிக் கேள்வி, "காட்டில் விட்டுவிடலாமா?" என்பது. எனக்கு அது மனப்பாடம். விட்டால் விட்டதுதான். இது சோதனைக் கன்சோல் இல்லை. திரும்பக் கொண்டுவரும் பொத்தான் எதுவும் இதில் இல்லை.

"ஏய், எங்கடி போகுது? கூப்பிடு அதை!"

 பழைய கொட்டிலைத் திறந்தேன். காலி. வைக்கோல் படம் மட்டும் இருந்தது. ஆபீஸில் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் போன் போட்டேன். எந்தக் கோடையிலும் ஸ்வெட்டர் போட்டிருக்கும் நல்ல மனிதர். நான் உளறியதைப் பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, நாளைக்கு மூடற கடை இது. பழைய கணக்கோட நகலையெல்லாம் காலைலயே பூட்டிட்டாங்க. ஒத்தைப் பிராணியைத் தேடி எடுக்க என்கிட்ட சாவி இல்லம்மா."

"யார்கிட்ட சார் இருக்கு?"

"யார்கிட்டயும் இல்ல" என்றார். குரல் இறங்கியிருந்தது.

அக்காவிடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொண்ணு புடிச்சுக் கட்டு. அவன் வர்றதுக்குள்ள கட்டிடு" என்றாள். மகன் வருவதற்குள் உடைந்த பாத்திரத்தை மறைக்கிறவள் மாதிரி பரபரத்தாள். வேறு வழி எனக்கும் தோன்றவில்லை. பழைய தலைமுறையின் சதுப்பு நிலத்துக்குள் ஓடினேன். நான் வேலை பார்த்த இடம்தான், ஒவ்வொரு புல்லும் தெரியும். ஆனால் தேடும்போது எது கிடைக்கும்? தவளை வந்தது. முள்ளுவாலன் வந்தது. ஒன்றுக்கும் உதவாத ஈசல் கூட்டம் வந்து வழியை அடைத்தது. நாய்க்குட்டி மாதிரி எங்கே பார்த்தாலும் காலைச் சுற்றிக்கொண்டிருந்த சேற்றுமூஞ்சி அன்றைக்கு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அக்கா பின்னால் நின்று, "அதோ, அதோ" என்று எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்தாள்.

"செய்தி அனுப்பேன். தெரியாம நடந்துடுச்சுன்னு எழுதேன்" என்றாள் திடீரென்று. யாரும் பேசக் கூடாது என்று சட்டம் போட்டவள்.

"அந்த வசதியை நேத்தே மூடிட்டாங்க அக்கா."

அப்போது திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது.

அது என்ன என்று அக்கா கேட்கவில்லை. என் கை நின்றுபோனதைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கொட்டிலை வேறொரு கன்சோலில் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்நேரத்துக்கு அவன் வருவதே இல்லை. கடைசி நாளுக்கு முந்தின நாள் என்பதால் சீக்கிரம் வந்திருக்கிறான்.

"பாக்கறானா?" என்று கிசுகிசுத்தாள், சத்தமாகப் பேசினால் அவனுக்குக் கேட்டுவிடும் என்பது போல.

"ம்."

"காலியா இருக்கறதையா?"

"ம்."

விளக்கு அணையவில்லை. எங்கேயோ ஓர் அறையில், அறையோ தெருவோ, அவன் உட்கார்ந்து காலிக் கொட்டிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அம்மா தன்னைக் காட்டில் விட்டுவிட்டாள் என்று நினைப்பான். அன்றைக்கு அப்பா, இன்றைக்கு அம்மா. ஒரு பொம்மையைக் கழுவுவதுகூட அவளுக்குப் பாரமாகிவிட்டது என்று நினைப்பான். இதைவிடக் கோபமாக நினைத்தாலும் பரவாயில்லை; மனசு விட்டுப்போனால் அந்த வயசுப் பையன் என்ன செய்வான் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது. அக்கா எழுந்து டிவி அருகே போய் அந்த விளக்கின்மேல் விரலை வைத்தாள். "நான் இல்லடா, நான் விடலடா" என்றாள் கண்ணாடியிடம்.

விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தது. அணைந்தது. நம்பாமல் திறந்து திறந்து பார்க்கிறான் என்று புரிந்தது. பிறகு நெடுநேரம் எரிந்துவிட்டு அணைந்தது. அதற்கப்புறம் எரியவே இல்லை.

ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் வந்துகொண்டிருந்தது. கீழே யாரோ காரை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, ஏதாவது திட்டேன் என்று அக்காவைப் பார்த்தேன். அவள் விளக்கு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவளைப் பார்க்கவே பயமாகிவிட்டது.

என் போன் அடித்தது. தெரியாத நம்பர். சர்வர் அறைக்காரர் வேறு போனிலிருந்து கூப்பிடுகிறார், ஏதோ வழி கிடைத்துவிட்டது என்று நினைத்துப் பாய்ந்து எடுத்தேன்.

"சொல்லுங்க சார்."

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பின்னால் லாரி ஒன்று ஹார்ன் அடித்தபடி கடந்துபோனது.

"சித்தி" என்றது குரல். "அம்மாவுக்கு என்னாச்சு?"

 குரல் தடித்திருந்தது. ஆனால் அவன்தான்.

"மறைக்காதீங்க சித்தி. கொட்டில் காலியா இருக்கு. காலைலகூடக் கழுவி வச்சிருந்தாங்க. ஒரு நாள்கூடக் கழுவாம விட்டதே இல்ல. அது சுத்தமா இருந்தா அம்மா நல்லா இருக்காங்கன்னு நான் பாட்டுக்கு வேலைக்குப் போவேன். இப்ப ஒண்ணுமே இல்ல. யாரோ எல்லாத்தையும் ஒழிச்சுக் காலி பண்ண மாதிரி இருக்கு." அவனுக்கு மூச்சு முட்டியது. "அம்மா இருக்காங்கல்ல?"

நாங்கள் சேற்றைப் பார்த்து அவன் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டோம். அவன் சேறு போன உடம்பைப் பார்த்து இவள் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டிருக்கிறான். எங்களைப் போலவே அவனும் ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டே கொட்டிலைத் திறந்திருக்கிறான். இத்தனை நாளில் எனக்கு இது தோன்றவே இல்லை.

"அவளுக்கே போன் பண்ணியிருக்கலாமேடா" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"அம்மா நம்பரைத்தான் போட்டேன் சித்தி. வேற யாராவது எடுத்துட்டா என்ன பண்றதுன்னு கட் பண்ணிட்டேன்."

அக்கா அதற்குள் என் முகத்தைப் படித்துவிட்டாள். போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.  போனிலிருந்து அவன் குரல் எனக்கே கேட்டது.

"சித்தி? ஏன் சித்தி பேசமாட்டேங்கறீங்க? சொல்லுங்க சித்தி. அம்மா இருக்காங்களா, இல்லையா?"

"பேசு அக்கா" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "பயந்துபோயிருக்கான், பேசு."

"இருக்கேன்டா" என்றாள்.

அவன் நம்பவில்லை போலிருக்கிறது. மறுபடி ஏதோ கேட்டான். "இருக்கேன்டா, இங்கதான் இருக்கேன்" என்றாள். மறுபடியும் கேட்டான். அப்புறம் அந்தப் பக்கமிருந்து பேச்சு எதுவும் இல்லை, அழுகைதான் கேட்டது. அவள் போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இருக்கேன்டா, இருக்கேன்டா என்று அவன் அழுது முடிக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.